கலைந்த குழுவில் கலையாத மனிதர்

கறுப்பு டி-ஷர்ட்டில் பின்வரிசையை நிறைத்திருக்கும் இளைஞர்களே, 'கிதார் சத்தத்துக்கெல்லாம் ஒரு கூட்டமா' என்று எண்ணிக்கொண்டே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே!

ரஷ்யா என்றதும் நமக்கு டால்ஸ்டாய் வருகிறார், தஸ்தயெவ்ஸ்கி வருகிறார், மக்சிம் கார்க்கி வருகிறார். மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் நம் ஊருக்கு வந்த தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. நான் இன்று பேசப்போவது அந்த அலமாரியில் இடம் பெறாத ஒரு ரஷ்யரைப் பற்றி. அவர் நாவல் எழுதவில்லை. கிதார் வாசித்தார். அதுவும் ஹெவி மெட்டல் கிதார். பெயர் விளாதிமிர் ஹோல்ஸ்தினின். குழுவின் பெயர் 'ஆரியா'. இனத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ஆபராவில் தனிக்குரலில் பாடும் பகுதிக்கு அந்தப் பெயர்.

இவரைவிட வேகமாக வாசிப்பவர்கள் ரஷ்யாவிலேயே இருக்கிறார்கள். இவரைவிட உலகப் புகழ் பெற்றவர்களும் இருக்கிறார்கள். பிறகு ஏன் இவரைப் பற்றிப் பேச வேண்டும்? ஒரு குழு ஒரு முறை உடைந்தால் முடிந்தது என்பார்கள். இவருடைய குழு மூன்று முறை உடைந்தது. மூன்று முறையும் ஆட்கள் போனார்கள். மூன்று முறையும் இவர் நின்றார். கலைஞனின் வாழ்க்கையை அவன் வாசித்த சுரங்களை வைத்து மட்டும் அளந்தால் போதாது, எல்லோரும் எழுந்து போன பிறகு அவன் என்ன செய்தான் என்பதையும் வைத்து அளக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் காலத்தைப் பார்ப்போம்.

ஹோல்ஸ்தினின் பிறந்தது 1958 மே 12. ஊர் மாஸ்கோவை ஒட்டிய லூபெர்த்ஸி. படிக்கப் போனது மாஸ்கோ மின்னாற்றல் பொறியியல் நிறுவனம். இசைக் கல்லூரி அல்ல, பொறியியல் கல்லூரி! அங்கேதான் விதாலி துபினின் என்ற மாணவரைச் சந்திக்கிறார். இருவருக்கும் ராக் இசைப் பைத்தியம். 'மாய அந்தி' என்று பொருள்படும் பெயரில் ஒரு குழு தொடங்குகிறார்கள். ஆர்தூர் பெர்குத் என்ற பாடகரும் எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் குழுவுக்கு வந்து சேர்கிறார். துபினின், பெர்குத். இந்த இரண்டு பெயரையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அன்றைய சோவியத் நாட்டில் ராக் வாசிப்பது என்றால் என்ன? கையில் கிதார் இருந்தால் மேடை ஏறிவிடலாமா? முடியாது. அரசாங்கம் அங்கீகரித்த ஒரு கச்சேரி அமைப்போடு நீங்கள் சேர்ந்திருக்க வேண்டும். எந்தப் பாட்டு பாடலாம், எந்தச் சொல் வரலாம் என்று ஒரு கலை ஆலோசனைக் குழு உட்கார்ந்து பார்த்துச் சம்மதம் தர வேண்டும். 1983, 84 ஆண்டுகளில் பிடி இன்னும் இறுகியது. ஒரு குழு பாடுவதில் 80 சதவீதம் இசையமைப்பாளர் சங்க உறுப்பினர்கள் எழுதியதாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. தடை செய்யப்பட்ட ராக் குழுக்களின் பட்டியல் ஊர் ஊராகப் போனது.

கருவிக்கு என்ன வழி? சோவியத் தொழிற்சாலையில் செய்த 'உரால்' கிதார் கிடைக்கும். தூக்கி மாட்டினால் தோள் இறங்கும், அவ்வளவு கனம். நல்ல வெளிநாட்டுக் கிதார் வேண்டுமானால் கள்ளச் சந்தை, மாதக்கணக்கான சம்பளம். அதற்கும் முந்தைய தலைமுறைக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். தெருவோரத் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்து, ரிசீவரைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் காந்தச் சுருளை எடுத்து, மரப்பலகையில் பொருத்தி எலெக்ட்ரிக் கிதார் செய்தார்களாம்! ஊரில் தொலைபேசி ஊமையானது, கிதார் பேசியது.

பாட்டு எப்படிப் பரவியது? இசைத்தட்டு அச்சிடும் உரிமை நாடு முழுவதற்கும் ஒரே நிறுவனத்துக்குத்தான், அரசின் 'மெலோதியா'. அங்கே இடமில்லாதவர்களுக்கு ஸ்பூல் டேப் ரிக்கார்டர்தான் துணை. ஒருவர் ஒலிநாடாவை இன்னொருவர் படி எடுப்பார், அதை மூன்றாமவர் படி எடுப்பார். படிக்குப் படி இரைச்சல் கூடும். ஆனாலும் பாட்டு பெருநகரம் தாண்டிச் சிற்றூர்வரை போகும்.

இந்தச் சூழலில் 1985 வருகிறது. மார்ச்சில் கோர்பசேவ் பதவிக்கு வருகிறார். கதவு இன்னும் திறக்கவில்லை, தாழ்ப்பாள் மட்டும் தளர்கிறது. 'ஆல்ஃபா' என்ற குழுவில் சேர்ந்து வாசித்த ஹோல்ஸ்தினினும் பேஸ் கிதார்க் கலைஞர் அலிக் கிரானோவ்ஸ்கியும் 'பாடும் இதயங்கள்' என்ற அரசு அங்கீகாரம் பெற்ற குழுவுக்கு வருகிறார்கள். அதன் தலைவர் விக்தர் வெக்ஷ்தெய்ன். பெயரைப் பாருங்கள், பாடும் இதயங்கள்! அந்த மென்மையான பெயரின் நிழலில் இவர்கள் இரும்பை உருக்கினார்கள். அதே குழுவில் பாடிக்கொண்டிருந்த வலேரி கிப்பெலோவ் இவர்களோடு சேர்ந்தார். உச்சத்தில் போய் நின்றாலும் நடுங்காத குரல் அது. 'மகத்துவ மோகம்' என்று பொருள்படும் முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு முடிந்த 1985 அக்டோபர் 31-ஐத்தான் ஆரியா தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. முதல் கச்சேரி 1986 பிப்ரவரி 5 அன்று, மாஸ்கோ விமானவியல் நிறுவனத்தின் பண்பாட்டு அரங்கில். அந்த ஆல்பம் அப்போது கடைக்கு வரவில்லை. டேப்பில் படியெடுத்துப் படியெடுத்தே நாடு முழுக்கப் போனது.

அடுத்த ஆல்பத்தில் ஒரு பாட்டு, 'சித்தமும் அறிவும்'. அணு ஆயுதத்தை எதிர்க்கும் பாட்டு. அரசாங்கமும் சமாதானம் பேசுகிறது, இவர்களும் சமாதானம் பேசுகிறார்கள். எந்த அதிகாரி அதைத் தடுக்க முடியும்? ஆனால் அரசு மேடையில் கேட்ட சமாதானப் பாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கே இளைஞர் கூட்டம் முழுவதும் கைகளைத் தூக்கிச் சேர்ந்து பாடியது. இன்றும் பாடுகிறது.

இப்போது கிதாரின் பக்கத்தில் போய் நிற்போம். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டே நிமிடம்.

ஹெவி மெட்டலில் வலது கைக்கு ஒரு வேலை உண்டு. உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள் மேல் லேசாக வைத்து, சத்தத்தை அமுக்கி அமுக்கி மீட்டுவது. அதில் ஒரு நடை இருக்கிறது. ஒரு நெடில், இரண்டு குறில். 'தா-தக, தா-தக, தா-தக' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். குதிரை பாய்வது தெரிகிறதா? பிரிட்டனின் அயர்ன் மெய்டன் குழு உலகெங்கும் பரப்பிய நடை இது. ஆரியாவின் பல பாட்டுகள் இந்தக் குதிரை மேல்தான் ஏறி வருகின்றன. அடுத்தது இரட்டைக் கிதார். இரண்டு பேர் ஒரே மெட்டை வாசிக்கிறார்கள், ஆனால் ஒரே இடத்தில் அல்ல. ஒருவர் ஷட்ஜத்தில் நின்றால் மற்றவர் காந்தாரத்தில் நிற்கிறார். ஒருவர் நகர, மற்றவரும் அதே இடைவெளி விட்டு நகர்கிறார். தனியாகக் கேட்டால் சாதாரண மெட்டு. சேர்த்துக் கேட்டால் ஊர்வலம்.

ஹோல்ஸ்தினினின் சோலோவைக் கேட்டால் வேகப் பந்தயம் இருக்காது. முணுமுணுக்கக் கூடிய மெட்டு இருக்கும். பாடகர் நிறுத்திய இடத்திலிருந்து கிதார் பாட்டைத் தொடர்ந்து சொல்வதுபோல இருக்கும். வேகம் வேண்டிய இடத்தில் வேகமும் வரும், ஆனால் மெட்டுக்கு வேலை செய்யத்தான் வரும். தன் திறமையைக் காட்டுவதா, பாட்டைக் காட்டுவதா என்ற கேள்விக்கு அவர் விரல்கள் தந்த பதில் அது.

சரி, மூன்று முறை உடைந்தது என்றேனே, அந்தக் கதைக்கு வருவோம்.

முதல் உடைப்பு. 1987-இன் தொடக்கம். இரண்டு ஆல்பம் முடிந்திருக்கிறது, பெயர் வந்திருக்கிறது. தலைவர் வெக்ஷ்தெய்னோடு இசைக்கலைஞர்களுக்கு மோதல். கிரானோவ்ஸ்கி போகிறார். இரண்டாவது கிதார் பல்ஷகோவ் போகிறார். டிரம்ஸ் மல்சானோவ் போகிறார். கீபோர்டு பக்ரோவ்ஸ்கி போகிறார். போனவர்கள் 'மாஸ்டர்' என்ற புதுக் குழு தொடங்குகிறார்கள். அதுவும் ரஷ்ய மெட்டல் வரலாற்றில் பெரிய குழு, குறைத்துச் சொல்லவே முடியாது. பக்ரோவ்ஸ்கி பின்னாளில் பெல்ஜியம் போய், 'டிவினிட்டி' கணினி விளையாட்டுகளுக்கு இசையமைத்து, 2015-இல் காலமானார். இங்கே கம்ப்யூட்டர் கேம் ஆடும் பிள்ளைகள் அவர் இசையைப் பெயர் தெரியாமலே கேட்டிருக்கலாம்.

ஆரியாவில் எஞ்சியவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர். ஹோல்ஸ்தினின், கிப்பெலோவ். ஒரு கிதாரும் ஒரு குரலும். கடையை மூடிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஹோல்ஸ்தினின் என்ன செய்தார்? பழைய கல்லூரித் தோழனைக் கூப்பிட்டார். துபினின் பேஸ் கிதாரோடு வந்தார். செர்கேய் மாவ்ரின் இரண்டாவது கிதாருக்கு வந்தார், மக்சிம் உதலோவ் டிரம்ஸுக்கு வந்தார். அந்த ஆண்டே அடுத்த ஆல்பம்.

அதற்கு இவர்கள் வைக்க நினைத்த பெயர் 'தீய சக்தியின் சேவையில்'. மெலோதியாவுக்கு அந்தப் பெயர் ஒத்துவருமா? 'தார்ச்சாலை வீரன்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர இசை மாறவில்லை. இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. உடைந்துபோன குழு, அதே ஆண்டில் ஒலிப்பதிவு செய்த தட்டு, பத்து லட்சம்! பணம் கொட்டியதா என்று கேட்காதீர்கள். சோவியத் முறையில் தட்டு விற்பனைக்கும் வாசித்தவர் வருமானத்துக்கும் நேர்க்கணக்கு கிடையாது.

1989-இல் 'நெருப்போடு விளையாட்டு' வந்தது. அதன் தலைப்புப் பாட்டுக்கு நாயகன் வயலின் மேதை பகனீனி. எழுதியவர் மார்கரிட்டா புஷ்கினா, ஆரியாவின் பெரும்பாலான பாட்டுகளுக்குச் சொல் தந்த பெண். ஆரியாவின் வெவ்வேறு ஆல்பங்களில் பண்டைய ரஷ்யப் போர்வீரன் பற்றி ஒரு பாட்டு, ரோஜாத் தெருவில் உடலை விற்கும் பெண் பற்றி ஒரு பாட்டு, காற்று நின்ற கடலில் பசியால் மனிதத் தன்மையை இழக்கும் மாலுமிகள் பற்றி ஒரு பாட்டு. எல்லாமே ரஷ்ய மொழியில்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதே 1989 ஆகஸ்டில் மாஸ்கோ லுழ்னிக்கி மைதானத்தில் மாபெரும் ராக் விழா. ஸ்கார்பியன்ஸ் வந்தார்கள், பான் ஜோவி வந்தார், ஆஸி ஆஸ்போர்ன் வந்தார். அவர்களோடு மேடை ஏறிய ரஷ்யக் குழுக்களில் ஒன்று 'கோர்க்கி பார்க்'. அவர்கள் ஆங்கிலத்தில் பாடினார்கள். அமெரிக்காவுக்குப் போனார்கள், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இடமும் பிடித்தார்கள். திறமையான குழுதான், சந்தேகமில்லை. ஆனால் தொண்ணூறுகள் முடிவதற்குள் அந்த அலை ஓய்ந்துவிட்டது. ஆரியா தன் மொழியை விடவில்லை, தன் ஊரை விடவில்லை. எந்த வழி சரி? இரண்டுமே வழிதான். ஆனால் எது நிலைத்தது என்று கேட்டால் வரலாறு பதில் சொல்லிவிட்டது.

இரண்டாவது உடைப்பு. 1991-இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது. ரூபிள் சரிந்தது. பெரிய மேடைகள் வெறிச்சோடின. 1994-இல் ஜெர்மனிக்கு ஒரு சுற்றுப்பயணம் போனார்கள். ஏற்பாடு சரியில்லை, கையில் காசு இல்லை, ஒருவர் மேல் ஒருவருக்குக் கசப்பு. திரும்பி வந்ததும் கிப்பெலோவ் விலகி நின்றார், பழைய தோழர்களின் மாஸ்டர் குழுவோடு பாடத் தொடங்கினார். அவர் இடத்துக்கு வேறு பாடகரை வைத்துப் பார்த்தார்கள். மாவ்ரினும் போய்விட்டார்.

இதற்குமேல் என்ன மிச்சம்? ஹோல்ஸ்தினினும் துபினினும் ஒலிப்பதிவை நிறுத்தவில்லை. இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் ஒரு பக்கம் நெருக்கியது, பழைய நட்பு மறுபக்கம் இழுத்தது. கிப்பெலோவ் திரும்பி வந்தார். செர்கேய் தெரெந்தியெவ் கிதாருக்குச் சேர்ந்தார். 1995-இல் 'பகலினும் குறுகிய இரவு' வெளிவந்தது. 1998-இல் இன்னொரு ஆல்பம், 2001-இல் 'கைமேரா'. டச்சுக் குழுவான கோல்டன் இயரிங்கின் ஒரு பாட்டை ரஷ்ய மொழியில் 'கவலையற்ற தேவதை' ஆக்கினார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டும் ரஷ்ய இளைஞர்களுக்கு அது தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்டது.

சற்றுமுன் மாலுமிகள் பாட்டு என்றேனே, அது 'கைமேரா'வில் வந்ததுதான். அதை ஜெர்மனியின் ரம்ஸ்டைன் குழுவைச் சேர்ந்த லிண்டமனும் குருஸ்பேயும் 2003-இல் பாடி வெளியிட்டார்கள். எந்த மொழியில் தெரியுமா? ரஷ்ய மொழியில்! வெளியூர் போய் அந்நிய மொழியில் பாடாத குழுவின் பாட்டை, உலகப் புகழ்பெற்ற வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் குழுவின் மொழியிலேயே பாடினார்கள்.

மூன்றாவது உடைப்பு. இதுதான் பெரியது. 2002. குழு புகழின் உச்சத்தில் இருக்கும்போது கிப்பெலோவ் போகிறார். இந்த முறை திரும்பவில்லை. தெரெந்தியெவ் உடன் போகிறார், டிரம்ஸ் வாசித்த மன்யாகின் உடன் போகிறார். 'கிப்பெலோவ்' என்ற பெயரிலேயே புதுக் குழு பிறக்கிறது. ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அந்த வழக்கை நாம் இங்கே விசாரிக்க வேண்டாம். ரசிகன் என்ன நினைத்திருப்பான்? குரல் போய்விட்டது, இனி ஆரியா ஏது என்றுதானே நினைத்திருப்பான்?

ஹோல்ஸ்தினின் மறுபடியும் பழைய தோழனைத் தேடினார். மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே இரண்டாவது பெயர், ஆர்தூர் பெர்குத், அவர் வந்தார். கல்லூரிக் காலத்துக் குழுவில் சேர்ந்து பாடியவர் இருபது ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார். செர்கேய் பபோவ் கிதாரோடு வந்தார். 'தார்ச்சாலை வீர'னில் டிரம்ஸ் வாசித்த உதலோவ் திரும்பி வந்தார். 2003-இல் அடுத்த ஆல்பம். பெயர் என்ன தெரியுமா? 'நெருப்பில் ஞானஸ்நானம்'! 2006-இல் 'ஆர்மகெதான்'. 2011-இல் பெர்குத்துக்குப் பதிலாக மிகயில் ஜித்னியகோவ் என்ற இளைய குரல். அந்த ஆண்டு வந்த ஆல்பத்தின் பெயர் 'ஃபீனிக்ஸ்'. 2014-இல் ஒன்று, 2018-இல் 'கடல்களின் சாபம்'. பாடகர்கள் மாறினார்கள். ஆல்பம் வந்துகொண்டே இருந்தது. 1985-இல் தொடங்கியவர்களில் இன்றுவரை குழுவில் நிற்பவர் ஒரே ஒருவர்தான்.

இவ்வளவு புகழ்ந்தேன். குறையே இல்லையா? உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இது சொற்பொழிவு ஆகாது, துதி ஆகிவிடும்.

முதல் குற்றச்சாட்டு, அயர்ன் மெய்டனைப் பார்த்துப் போட்ட கோலம் என்பது. தொடக்க கால ஆல்பங்களைக் கேட்பவருக்கு அந்தச் சாயல் தெரியாமல் இருக்காது. நானும் மறுக்கமாட்டேன். ஆனால் எந்தச் சீடன் குருவின் சாயல் இல்லாமல் தொடங்கினான்? 'பகலினும் குறுகிய இரவு'க்கு வரும்போது மெட்டில் ரஷ்ய சோகம் ஏறிவிடுகிறது. அந்தப் பாட்டுகளை இன்னொரு நாட்டுக் குழு எழுதியிருக்க முடியாது.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. நின்றவர் கைக்குத்தானே பெயர் போகும்? போனவர்கள் எல்லாம் குற்றவாளிகளா? நின்றவர் பிடிவாதக்காரர் என்பதால்தான் மற்றவர்கள் போனார்களோ? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கிப்பெலோவ் தன் வழியில் போய்ப் பெரும் வெற்றி பெற்றார். ஆரியாவில் இருந்தபோதே 1997-இல் அவரும் மாவ்ரினும் தனியாகச் செய்த ஆல்பத்தில் வந்த 'நான் சுதந்திரன்' பாட்டு, ஆரியாவின் எந்தப் பாட்டுக்கும் சளைக்காத புகழ் பெற்றது. '666' வரும் 'அந்திக்கிறிஸ்து' என்ற பாட்டைத் தன் சமய நம்பிக்கை காரணமாகப் பின்னாளில் பாட மறுத்தவர் அவர். கொள்கை உள்ள மனிதர்தான். ஆகவே போனவர் கெட்டவர், நின்றவர் நல்லவர் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. போனவர்கள் ஆளுக்கொரு புது வீடு கட்டினார்கள். நின்றவர் பழைய வீட்டைக் காப்பாற்றினார். ரஷ்ய ரசிகனுக்கு வீடு ஒன்று பலவானது. அவனுக்கு நஷ்டம் இல்லை.

ஒரு மனிதர் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும் வாய்ப்பு வந்தபோதும் பெயரைத் தன் பெயராக மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். 1987-இல் மாற்றியிருக்கலாம். 2002-இல் மாற்றியிருக்கலாம். 'ஹோல்ஸ்தினின் குழு' என்று சுவரொட்டி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. மேடையில் நடுவில் நிற்பது பாடகர்தான். இவர் ஓரத்தில் கிதாரோடு நிற்கிறார். நடுவில் நின்றவர்கள் மாறினார்கள், ஓரத்தில் நின்றவர் மாறவில்லை.

பின்வரிசை இளைஞர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. உங்களில் பலர் குழு வைத்திருப்பீர்கள். அல்லது நாளை தொடங்குவீர்கள். முதல் கச்சேரிக்கு எல்லோரும் வருவார்கள். முதல் சண்டைக்குப் பிறகு பாதிப்பேர் இருப்பார்கள். வேலை கிடைத்து ஒருவர் போவார், கல்யாணம் ஆகி ஒருவர் போவார், கோபித்துக்கொண்டு ஒருவர் போவார். அப்போது குழுவை மூடாதீர்கள். பழைய தோழனைக் கூப்பிடுங்கள், புதிய பையனைச் சேருங்கள், அடுத்த பாட்டை எழுதுங்கள். போனவனைத் தூற்றாதீர்கள், நாளைக்கு அவனே திரும்பி வந்து டிரம்ஸ் முன்னால் உட்காரக்கூடும். உங்கள் மொழியில் பாடுங்கள். யாரைப் பார்த்து வேண்டுமானாலும் தொடங்குங்கள், ஆனால் உங்கள் ஊர்க்காரர் மட்டுமே எழுதக்கூடிய பாட்டுக்கு ஒரு நாள் வந்து சேருங்கள். திறமை மேடை ஏற்றும். மேடையில் வைத்திருப்பது பிடிவாதம்தான்.